‘ஏலாது’ என்ற சொல்லிலிருந்து தொடங்கும் வகுப்பு

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ, பாரிசவாதம் (பக்கவாதம்) வந்து மூன்று மாதமான ஒருவரின் வீட்டுக்குப் போய் “தனியாக் குளிப்பீங்களா ஐயா?” என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே சொல்தான் பதிலாக வரும்: “ஏலாது” (முடியாது). அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சை படிக்கும் மாணவர் உடனே, அன்றாட வேலைகளில் ஒருவர் எவ்வளவு தனித்து இயங்குகிறார் என்று புள்ளியிடும் பார்தெல் சுட்டெண் தாளை எடுத்துக் குளித்தலுக்கு எதிரே 0 போடுவார். 1965இல் வெளிவந்த அந்த அளவீட்டில் குளிப்புக்கு 5 போடலாம், இல்லையென்றால் 0 போடலாம். கட்டம் நிரம்பிவிடும். ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு துப்பும் கிடைக்காது.

வெளிக்களப் பயிற்சிக்குத் திருகோணமலைக்கு வரும் மாணவர்களுக்கு முதல் நாள் பாடமாக நாங்கள் வைப்பது இந்தச் சொல்லைத்தான். எங்கள் ஊர்ப் பேச்சில் ‘ஏலாது’ குறைந்தது நான்கு பொருள் தரும். உடம்பு இடம் கொடுக்கவில்லை என்பது ஒன்று. உடம்பு கொடுத்தாலும் குளிக்கும் இடம் கொடுக்கவில்லை என்பது இன்னொன்று. வீட்டார் விடுவதில்லை, எனக்கே மனமில்லை என்பவை மற்ற இரண்டு. மனிதர், சூழல், செயல் மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்று சொல்லும் 1996ஆம் ஆண்டு மாதிரியை மாணவர்கள் வட்டம் வட்டமாக வரைந்து பாடமாக்கியிருப்பார்கள். அந்த வட்டங்கள் ஒரு வயோதிபரின் வாயில் ஒரே சொல்லாகச் சுருண்டு கிடக்கின்றன என்பதை அவர்களாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு நான்கு அட்டைகள் போதும். அயலில் உள்ள, நன்றாகப் பேசக்கூடிய ஒருவரை நோயாளராக நடிக்க அழைக்கிறோம். முதல் அட்டையில் ‘கையைத் தூக்கினால் தோள் நோகிறது’ என்று இருக்கும். இரண்டாவதில் ‘கிணற்றுக்கட்டு பாசி பிடித்து வழுக்குகிறது’. மூன்றாவதில் ‘விழுந்துவிடுவேன் என்று மகள் விடுவதில்லை’. நான்காவதில் ‘முற்றத்தில் சாரத்தோடு குளிக்கும்போது போகிறவர் வருகிறவர் பார்ப்பது வெட்கமாக இருக்கிறது’. நடிப்பவர் ஒரு அட்டையை எடுத்து ஒளித்துவைத்துக்கொண்டு “குளிக்க ஏலாது” என்று மட்டும் சொல்வார். மாணவருக்கு 5 நிமிடம். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி கேட்கக் கூடாது.

இதில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். “ஏன் ஏலாது?” என்று கேட்டுவிடுவார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ‘ஏன்’ என்று கேட்டால் அது விசாரணையாகத்தான் காதில் விழும். எதிரில் இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பதிலையே சொல்வார். “கடைசியா எப்ப குளிச்சீங்க? அண்டைக்கு முதல்ல என்ன செய்தீங்க, பக்கத்தில யார் நிண்டது?” என்று நடந்ததைக் கேட்டால் ஒளித்த அட்டை இரண்டு மூன்று கேள்விக்குள் வெளியே வந்துவிடும். சிகிச்சையும் அட்டைக்கு அட்டை மாறுகிறது. முதலாவதுக்குத் தோளைத் தாங்கி வைக்கும் முறையும், ஒரு கையால் ஊற்றக்கூடிய சின்ன வாளியும் வேண்டும். இரண்டாவதுக்குத் தரையைச் சொரசொரப்பாக்கி ஒரு பிடிகம்பி போட வேண்டும். மூன்றாவதில் பயிற்சி கொடுக்க வேண்டியது மகளுக்கு. நான்காவதுக்குச் சில கிடுகும் இரண்டு தடியும் போதும், மறைப்பு எழும்பிவிடும். தோளுக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்து நான்காவது அட்டைக்காரரைக் குளிக்க வைக்க முடியாது.

சிங்களம் பேசும் மாணவர்களுக்கு இதே பயிற்சியில் இன்னொரு படி உண்டு. மொழிபெயர்க்க வீட்டாரைப் பிடிக்காதீர்கள் என்பதே அது. நோயாளர் நீளமாகச் சொல்வதை மருமகள் “அவருக்கு ஏலாதாம்” என்று ஒரு சொல்லாக்கிவிடுவார், அதுவும் பெரும்பாலும் மூன்றாவது அட்டையின் ஏலாது. கூட வரும் தமிழ் மாணவர் மொழிபெயர்க்க வேண்டும், நோயாளர் ‘நான்’ என்றால் அவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். எப்படி அழைப்பது என்பதையும் முன்கூட்டியே பழக்குகிறோம். ஐயா, அம்மா என்பது பொதுவாகச் செல்லும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் வாப்பா, உம்மா என்று மாணவர் சொன்னால் வீடே இளகிவிடும். ‘பேஷன்ட்’ என்று அவர் முன்னால் சொல்லவே கூடாது.

தேங்காய்த் திருவலையில் ஒரு முழுக் காலை

ஒரு வேலையைப் படிபடியாகப் பிரித்துப் பார்க்கும் செயற்பாட்டுப் பகுப்பாய்வைப் பெரும்பாலான வகுப்புகள் தேநீர் போடுவது, சட்டைக்குப் பொத்தான் பூட்டுவது என்று தொடங்கும். அவையும் தேவைதான். ஆனால் இங்குள்ள ஒரு பெண் “எனக்குத் திரும்பவும் சமைக்க வேணும்” என்றால் அவர் நினைப்பது தேங்காயைத்தான். தேங்காய் இல்லாமல் சொதி இல்லை, சம்பல் இல்லை, புட்டுமில்லை. அதனால் ஒரு முழுக் காலையைத் திருவலைக்கு, அதாவது மேலே இருந்துகொண்டு தேங்காய் துருவும் அலகு வைத்த பலகைக்கு, ஒதுக்குகிறோம்.

முதல் 20 நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. சமையல் தெரிந்த ஒருவர் தன் பாட்டுக்குத் தேங்காய் உடைத்துத் துருவுவார். மாணவர்கள் பார்த்து, வினைச்சொற்களை மட்டும் எழுத வேண்டும்: குனிகிறார், எடுக்கிறார், வைக்கிறார், இருக்கிறார், தட்டுகிறார், திருப்புகிறார். ‘தேங்காய் துருவுகிறார்’ என்று ஒரே வரியில் எழுதுபவர் அடுத்த தேங்காயை மறுபடி பார்க்க வேண்டும். நன்றாகப் பார்த்த தாளில் 25 வரிக்குக் குறையாது. தேங்காயைச் சுற்றித் திருப்பிக்கொண்டே போவது, சிரட்டை தெரியத் தொடங்கியதும் நிறுத்துவது, கிண்ணம் நிரம்பியதும் காலால் நகர்த்துவது, இவையெல்லாம் இரண்டாவது தேங்காயில்தான் கண்ணில் படும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தக் கை, எவ்வளவு பலம், கண் பார்க்க வேண்டுமா, சூடோ கூர்மையோ உண்டா என்று நான்கு நிரல் நிரப்புகிறார்கள்.

பிறகு கேள்வி வைக்கிறோம்: வலக்கையும் வலக்காலும் இழுத்துக்கொண்ட ஒரு பெண் இதை எப்படிச் செய்வார்? உடனே வரும் பதில் மேசை விளிம்பில் முடுக்கும், கைபிடி சுற்றும் துருவி. கடையில் கிடைக்கிறது, மேசை உயரத்தில் இருக்கிறது, நவீனமாகவும் இருக்கிறது. கொண்டுவந்து கொடுத்து “ஒரு கையால் துருவுங்கள்” என்றால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். ஒரு கை கைபிடியைச் சுற்ற வேண்டும், மற்றக் கை தேங்காயைப் பற்களில் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் இல்லாமல் அது வேலை செய்யாது. பழைய திருவலை அப்படியல்ல. பலகையில் இருப்பவரின் எடையே பலகையை அசையாமல் பிடித்துவைக்கிறது, அதனால் நல்ல கை ஒன்றாலேயே தேங்காய்ப் பாதியைப் பிடித்து மெதுவாகத் துருவலாம். பொருள் பழையது என்பதற்காக அதைத் தள்ளிவிடக் கூடாது என்று நாங்கள் விரிவுரையில் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. இந்த அரை நிமிடத்தில் ஏறிவிடும்.

திருவலையில் உண்மையான தடை துருவுவதில் இல்லை, தரையில் இருந்து எழும்புவதில் இருக்கிறது. ஆகவே பலகையை 40 முதல் 45 சென்ரிமீற்றர் உயரமுள்ள மரவாங்கின் மேல் வைத்து, அலகு விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டுகிறோம். கிண்ணம் அலகுக்கு நேர் கீழே ஒரு குட்டி முக்காலியில் இருக்கும். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பாதம் தொங்கினால் முன்னே சாயும்போது விழுவார். பிளாஸ்டிக் கதிரையின் மேல் பலகையைக் கட்டக் கூடாது, கதிரையின் கால்கள் விரிந்து பலகை ஆடும். உணர்ச்சி குறைந்த கையை மடியில் வைக்கப் பழக்க வேண்டும். அலகு கீறினால் அந்தக் கைக்குத் தெரியாது. தேங்காய் உடைப்பது இரண்டு கை வேலை. அதை வீட்டில் ஒருவர் செய்து கொடுக்கட்டுமா, தானே செய்ய வேண்டுமா என்று அவரிடமே கேட்க வேண்டும். எல்லாப் படியையும் தனியே செய்தால்தான் வெற்றி என்ற எண்ணம் மாணவருடையது. அவர் கேட்டது சம்பல்.

இதே முறையில் இடியப்ப உரலையும் கிணற்று வாளியையும் பார்க்கிறோம். 10 லீற்றர் வாளி நிரம்பினால் 10 கிலோவுக்கு மேல். ஒரு கையால் கயிற்றை இழுப்பவர் அடுத்த பிடிக்குக் கையை விட்டால் வாளி கீழே போய்விடும். மீனவர் யாரையாவது கேட்டால், தோணியில் கயிற்றை நெரித்துப் பிடிக்கும் மரக்கட்டை ஒன்றைக் கிணற்றுக்கட்டில் அடித்துக் காட்டுவார். அதோடு 4 லீற்றர் வாளிக்கு மாறினால் காரியம் ஆகும். மீனவர்களையும் சமையல் தெரிந்த பெண்களையும் வகுப்புக்கு ஆசிரியராக அழைத்து, ஆசிரியருக்குரிய கொடுப்பனவையும் கொடுக்க வேண்டும். நோயாளராக நடிக்கப் பொதுமக்களைப் பயிற்றும் வழக்கம் மருத்துவக் கல்வியில் 1963ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. தொழிலைக் கற்பிக்கவும் அவர்களை அழைப்பதில் தயங்க ஒன்றுமில்லை.

கையைக் கட்டிப் பார்ப்பது பற்றி

மாணவரின் ஒரு கையைக் கட்டிவிட்டு ‘பாரிசவாதம் எப்படி இருக்கும் என்று உணருங்கள்’ என்று சொல்லும் பயிற்சி பல இடங்களில் நடக்கிறது. நாங்கள் அதைச் செய்வதில்லை. கட்டிய கை எங்கே இருக்கிறது என்று மாணவருக்குத் தெரியும். பாரிசவாதக்காரர் சிலருக்குத் தெரியாது. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே இல்லாமல் போகிறது, தட்டின் இடப்பாதியில் இருக்கும் சோறு கண்ணில் படாது. தசை இறுக்கம், களைப்பு, பேச்சுக் குழப்பம் எதுவும் கயிற்றால் வராது. வருவது அனுதாபமும், ‘ஐயோ, இப்படி வாழ முடியுமா’ என்ற எண்ணமும்தான். அந்த எண்ணத்தோடு வீட்டுக்குள் போகிறவர் நோயாளருக்கு உதவமாட்டார். ஒரு கருவியோ முறையோ ஒரு கையால் நடக்குமா என்று சரிபார்க்க மட்டும் கையைக் கட்டுங்கள். முடிந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டு, உண்மையிலேயே ஒரு கையோடு வாழ்பவர் ஒருவரைக் கூப்பிட்டு அவர் செய்வதைப் பாருங்கள். அவர் காட்டும் வழி நமக்குத் தோன்றியிருக்காது.

இடக்கை, வலக்கை

ஆங்கிலப் பாடநூல்களில் அரிதாகவே காணும் ஒரு விடயத்தை இங்கே ஒரு தனிப் பாடமாக வைத்திருக்கிறோம். நம் ஊரில் சாப்பிட வலக்கை, கழுவ இடக்கை. இடக்கை விழுந்தவருக்கு வலக்கையால் கழுவ வேண்டி வருகிறது, பின் அதே கையால் சோறு பிசைய வேண்டி வருகிறது. பலர் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள், அல்லது மலசலகூடத்துக்குப் போவதைத் தள்ளிப்போட்டு மலச்சிக்கலோடு வருவார்கள். வலக்கை விழுந்தவரோ இடக்கையால் சாப்பிட வெட்கப்பட்டுக் கலியாண வீட்டுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் போவதை நிறுத்திவிடுவார். பார்தெல் தாளில் இரண்டு பேரும் உணவுக்கு முழுப் புள்ளியான 10 வாங்கியிருப்பார்கள்.

மாணவர் இதைக் கேட்கப் பழக வேண்டும், அதுவும் மூன்றாவது சந்திப்புக்கு முன் அல்ல. ஆண் மாணவர் ஆணிடமும் பெண் மாணவர் பெண்ணிடமும் கேட்பதே இங்கே நடக்கும். நடைமுறைத் தீர்வுகள் சிறியவை. நீர் பீய்ச்சும் கைக்குழாய் ஒன்றைப் பூட்டினால் கை படுவது குறையும். நல்ல கை எட்டும் பக்கத்தில் அதைப் பூட்ட வேண்டும், இருக்கிற குழாய் பெரும்பாலும் மறுபக்கத்தில்தான் இருக்கும். சவர்க்காரத்தைக் கட்டியாக வைக்காமல் அழுத்தும் போத்தலில் வையுங்கள், ஒரு கையால் கட்டியைத் தேய்க்க வராது. கரண்டியால் சாப்பிடுவது சிலருக்கு விடுதலை, சிலருக்கு அவமானம். கேட்காமல் கொடுக்கக் கூடாது. தொழுகைக்கு முன் ஒழுச் செய்வதற்கும் (கை, முகம், கால் கழுவுவதற்கும்) இதே கணக்கு உண்டு. கதிரையில் இருந்து தொழலாம் என்பது தெரிந்தவராக இருந்தாலும், ஒழுச் செய்யும் இடத்துக்குப் போய்வர முடியாததால் பள்ளிவாசலுக்குப் போகாமல் இருப்பவரைக் காணலாம்.

குந்து மலசலகூடத்தின் மேல் வைக்கப் பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டுவது மாணவர்களின் விருப்பமான திட்டம். அது உடைகிற விதத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சதுரமாக வெட்டினால் மூலையில் வெடிப்புத் தொடங்கும், ஆகவே முட்டை வடிவமாக வெட்டி விளிம்பை அரத்தால் மழுப்ப வேண்டும். வெட்டிய இருக்கையின் கீழ் குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால் பாரமானவர் இருந்ததும் நடு வளைந்து கால்கள் விரியும். ஈரத் தரையில் ஒவ்வொரு காலுக்கும் இறப்பர் உறை வேண்டும். நாள்பட உழைக்க வேண்டுமென்றால் வெல்டிங் கடையில் நாகமுலாம் பூசிய குழாயில் சட்டம் அடித்து, மலசலகூட இருக்கையைப் பூட்டுவதே மேல். ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் முலாம் எரிந்துபோகும். அங்கே துருத்தடுப்புப் பூச்சுப் பூசாவிட்டால் நம் உப்புக் காற்று மூட்டை முதலில் தின்றுவிடும். உயரம் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்து வருவது. இவ்வளவும் செய்து கொண்டுபோனபின் கதவால் நுழையவில்லை என்று திரும்பி வரும் குழுவும் உண்டு, அதனால் கதவளவைத் தாளின் முதல் வரியில் எழுதச் சொல்கிறோம்.

சாய்தளக் கணக்கு மாணவர்களுக்கு எளிது. 1க்கு 12 என்றால் 15 சென்ரிமீற்றர் படிக்கு 180 சென்ரிமீற்றர். தவறுவது கீழ் முனையில்தான்: கரையோர வீடுகளில் அது மணலில் முடியும், சக்கரநாற்காலியின் முன்சக்கரம் அங்கேயே புதையும். ஒரு கொங்கிறீற் தட்டைச் சேர்த்துப் போட வேண்டும்.

பாதித்த கையைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் கை தாங்கிகளுக்கும் எங்கள் வெயில் ஒரு பாடம் சொல்கிறது. வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகடு 65 முதல் 75 பாகையில் வடிவம் எடுக்கும். குளிரூட்டிய அறையில் அழகாகச் செய்து கொடுத்த தாங்கியை நோயாளர் கழற்றி ஓட்டோவின் முன் கண்ணாடியடியில் வைத்துவிட்டு மீன் வாங்கப் போனால், திரும்பி வரும்போது மணிக்கட்டுக் கோணம் தட்டையாகியிருக்கும். கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வீசும் வெப்பக் காற்று) காலத்தில் உள்ளே வியர்வை தேங்கித் தோல் ஊறும். துளையுள்ள தகடு, உள்ளே பருத்திக் குழாய்த்துணி இரண்டு, மாற்றி மாற்றித் துவைக்க. ஒட்டிப் பிடிக்கும் பட்டியில் (வெல்க்ரோ) மணல் ஏறினால் பிடிக்காது, பழைய பல்துலக்கியால் எடுக்கக் காட்டிக்கொடுங்கள். இந்த மூன்றையும் நோயாளர் திரும்பச் சொல்லும்வரை தாங்கி கொடுத்த வேலை முடியவில்லை என்று மாணவருக்குப் புள்ளியில் வைத்திருக்கிறோம்.

வகுப்பறைப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடற்கூறும் கோட்பாடும் 8 நிமிடக் குரல் பதிவுகளாக வட்ஸ்அப்பில் முதல் நாள் போகும். வீடியோ அனுப்பினால் டேட்டா தீர்ந்து பாதிப் பேர் பார்க்காமல் வருவார்கள். காலையில் 10 கேள்வி, முதலில் தனியாக, பிறகு அதே தாள் ஐந்து பேர் குழுவாக. குழுத் தாளில் விடையைச் சுரண்டிப் பார்க்கும் அட்டை தேவை. சரியான விடைக்கு நட்சத்திரம் அச்சடித்து, மேலே ஒட்டுநாடா ஒட்டி, அக்ரிலிக் வர்ணம் இரண்டு பங்குக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு கலந்து இரண்டு பூச்சுப் பூசினால் நாணயத்தால் சுரண்டலாம். முதல் பூச்சு காயாமல் இரண்டாவது பூசினால் உரிந்துவிடும். மாரி காலத்தில் ஒரு முழு இரவு விட வேண்டும். முதல் சுரண்டலில் சரியானால் 4 புள்ளி, இரண்டாவதில் 2. வாக்குவாதம் தானாக நடக்கும்.

நோயாளராக ஒருவரை நடிக்க வைத்துப் பழகும் பாவனை வகுப்புகள் எவ்வளவு நன்றாக நடந்தாலும் வீட்டு வாசலுக்குப் பதிலாகாது. உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் குறைந்தது 1000 மணி நேர நேரடிப் பயிற்சி கேட்கிறது. அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, அதில் 40 மணி நேரத்தை நல்ல பாவனைப் பயிற்சியால் நிரப்பினாலும் மாணவர் பின்தங்குவதில்லை என்று காட்டியது. 1000இல் 40. மிச்சம் அத்தனையும் உண்மையான மனிதரோடு. எங்கள் நாட்காட்டியில் வீட்டுப் பயிற்சி பெப்ரவரியிலிருந்து செப்டெம்பர் வரை, கச்சான் மாதங்களில் காலை 10 மணிக்கு முன். மார்கழி மழையில் ஒழுங்கைகள் நிரம்பும்போது பாவனை வகுப்பு.

1975இல் தொடங்கிய நிலையம் நிலையமாகச் சுற்றும் தேர்வு முறையை நாங்களும் வைத்திருக்கிறோம், 8 நிமிடத்துக்கு ஒரு நிலையம். ஒன்றை மட்டும் மாற்றினோம். கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும் நிலையத்தோடு, பாயிலிருந்து எழுப்பும் நிலையமும் உண்டு. நல்ல பக்கமாகச் சரிந்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, மண்டியிட்டு, நல்ல பாதத்தை முன்னே ஊன்றி, நல்ல கையால் கதிரையை அழுத்தி எழும்ப வேண்டும். கதிரை சுவரோடு முட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கும் மாணவருக்கு அந்த இடத்திலேயே தேர்வை நிறுத்துகிறோம். கடுமைதான். வீட்டில் அது சறுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும்.

மூன்று வாரம் கழித்து அதே வீட்டுக்குத் திரும்பிப் போவதற்குத்தான் அதிகப் புள்ளி. சொல்லாமல் போகக் கூடாது, ஆனால் ‘நாங்கள் செய்த சாமானைப் பார்க்க வருகிறோம்’ என்றும் சொல்லக் கூடாது. சொன்னால் அதைத் துடைத்து முன்னறையில் வைத்திருப்பார்கள். பொருள் எங்கே இருக்கிறது, மேலே என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். திருவலை வாங்கில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தால் பயன்படுகிறது. அதன் மேல் கருவாடு காய்ந்தால், எந்தப் படியில் நின்றது என்று வினைச்சொல் தாளை எடுத்து வரி வரியாகக் கேட்க வேண்டும். பல வீடுகளில் விடை கடைசி வரிகளில் கிடைக்கும்: துருவி முடிந்தது, கிண்ணத்தைத் தூக்கிக் குசினிக்குக் கொண்டுபோக ஒரு கையும் ஊன்றுகோலும் போதவில்லை. அடுத்த வேலை, கிண்ணத்துக்கு மூடியும் தோளில் மாட்டும் துணிப்பையும்.